தொட்டியைத் தேய்த்துக் கழுவிய திருடன்

அத்தியாயம் 5

"காணாமப் போனது என்னன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் ஆர்டிஸ்.

"சேறு" என்றாள் எதிரே நின்ற பெண். "நல்ல கெட்டிச் சேறு."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் பென்சிலை நிறுத்தினேன். துப்பறிவாளர் ஆர்டிஸ் நெல்விக்கிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு காணாமல் போன பசுவைத் தேடியிருக்கிறேன், காணாமல் போன கணவனைத் தேடியிருக்கிறேன், இரண்டும் ஒரே கொட்டகையில் கிடைத்ததும் உண்டு. சேற்றைத் தேடித்தரச் சொல்லி யாரும் எங்களைக் கூப்பிட்டதில்லை.

"ஷெரிஃப்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். 'என் பூட்ஸ்ல கொஞ்சம் இருக்கு, வேணும்னா வந்து சுரண்டிக்கோ'ன்னு போனை வச்சுட்டார்."

அதே ஆபீஸில், அதே மாதிரி ரேடியோவில் கிண்டலாகப் பேசியதற்காகத்தான் என்னை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். பெரிய மனிதர் சொன்னால் நகைச்சுவை, இந்த லைல் சொன்னால் ஒழுங்கீனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின இரவு அடித்த மழையில் விஸ்கான்சின் முழுக்கக் குளித்துவிட்டு நின்றது. ஸ்கோக்டால் மேட்டின் சரிவில், தகரத்தை நட்டு வரப்பு கட்டிய மூன்று நீளப் பாத்திகள். ஒன்றில் புல். ஒன்றில் மக்காச்சோளம். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். அதையும் மேலிருந்து கீழாக, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததுபோல உழுது வைத்திருந்தது. ஒவ்வொரு பாத்தியின் காலடியிலும் ஓர் இரும்புத் தொட்டி.

அந்தப் பெண்ணின் பெயர் கொரின் ஹாசெக். சிகாகோக்காரி. பல்கலைக்கழகம் அனுப்பிய ஆராய்ச்சியாளர். பாத்திகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள்.

"ஒரு வயல்லேர்ந்து வருஷத்துக்கு எவ்வளவு மண்ணு கரைஞ்சு போகும்னு கணக்குப் போட ஒரு வாய்ப்பாடு இருக்கு" என்றாள். "மழை எவ்வளவு வேகம், மண்ணு எப்படிப்பட்டது, சரிவு எவ்வளவு, மேல என்ன வளருது, எப்படி உழறாங்க, எல்லாத்தையும் பெருக்கணும். அது சரியான்னு பாக்கத்தான் இந்தப் பாத்தி. வெறும் பாத்திதான் அளவுகோல். அதுலேர்ந்துதான் அதிகம் போகணும். சோளத்துலேர்ந்து அதைவிடக் கம்மி. புல்லுலேர்ந்து அனேகமா ஒண்ணும் போகாது. போனதெல்லாம் தொட்டியில வந்து நிக்கும், நான் அளப்பேன்."

"இப்போ?"

"ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்துச்சு. இந்த வசந்தத்துலேர்ந்து தலைகீழ். வெறும் பாத்தித் தொட்டி காலி. புல்லுப் பாத்தித் தொட்டியில சேறு!" குரல் உடைந்தது. "நாளைக்கு டாக்டர் ப்ரெண்டிஸ் பரிசோதனைக்கு வர்றார். 'முதல் ரெண்டு வருஷக் கணக்கு புளுகு, இல்லேன்னா இந்த வருஷக் கணக்கு புளுகு, எதுன்னு நீயே சொல்லு'ங்கறார். யாரோ சேத்தை எடுக்கறாங்கன்னு சொன்னா சிரிக்கறார். நாளைக்கு நிரூபிக்கலேன்னா இந்த இடத்தை மூடிருவார், என்னைப் பொய்க்காரின்னு எழுதிருவார். அப்புறம் ஒரு பூந்தொட்டி மண்ணைக்கூட எவனும் என்னை அளக்க விடமாட்டான்."

ஆர்டிஸ் வெறும் பாத்தித் தொட்டிக்குள் தலையை விட்டாள். அறுபதைத் தாண்டியவள், முன்பு பயிர்க் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். ஆலங்கட்டி மழை அடித்த சோளத்தையும் சுத்தியலால் அடித்த சோளத்தையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லுவாள். தொட்டிக்குள் விரலை ஓட்டி, விரலை வெயிலில் பார்த்தாள்.

"லைல், நீ திருடினா வீட்டைப் பெருக்கிட்டுப் போவியா?"

"என் வீட்டையே நான் பெருக்கறதில்ல பாஸ்."

"இதைத் தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. ஆணித்தலை இடுக்கெல்லாம் சுத்தம்."

"யாரோ உழவு மெஷின் விக்கிற ஆளு. வாய்ப்பாடு பொய்யாப் போனா அவனுக்கு லாபம்."

"சேல்ஸ்மேன் எவனாவது கழுவிப் பாத்திருக்கியா? காரைக்கூட அவன் பொண்டாட்டிதான் கழுவறா."

பிறகு அவள் பாத்தியின் ஓரமாகவே மேலே ஏறினாள். மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க கொரின் வரிசையாக நீள ஆணிகள் அடித்திருந்தாள். மண் கரையக் கரைய ஆணி வெளியே நீட்ட வேண்டும். கீழே நீட்டிக்கொண்டுதான் இருந்தன. உச்சியில் ஆணிகளையே காணோம். ஆர்டிஸ் குனிந்து தோண்டினாள். உள்ளே புதைந்து கிடந்தன.

"பாஸ், மலை வளருது."

"ஆமா. இது திருட்டே இல்ல. எடுத்ததை எடுத்த இடத்துலயே கொண்டுவந்து வச்சிருக்கான்." கொரின் பக்கம் திரும்பினாள். "மேல ஏதாவது வாரினீங்களா? மண்வாரிப் பல்லு பதிஞ்ச கோடு தெரியுது."

"விதிப்படி நான் எல்லாத்தையும் மேலேர்ந்து கீழதான் செய்யணும்."

"இது குறுக்கே போகுது. அழகா, சரிவை அணைச்சாப்ல வளைஞ்சு." ஆர்டிஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஆள் இந்த மேட்டுக்காரன். பாவம், தடயத்தை அழிக்கணும்னு நினைச்சிருக்கான். ஆனா சரிவுல மேலேர்ந்து கீழ வார அவன் கை வரல."

எனக்கும் புரிந்தது. எங்கள் பக்கத்தில் மண் கரையாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கேதான் எல்லாம். உழவு, விதைப்பு, நடை. மேலிருந்து கீழாக உழுபவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

"நீங்க காலையில எழுந்ததும் தொட்டியைத்தான் பாப்பீங்களா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"இல்ல. விதிப்படி முதல்ல மழைமானி. அடுத்த மேட்டுல ஒண்ணு இருக்கு, போயிட்டு வந்துதான் தொட்டி. வழியில எல்லாரும் கையாட்டுவாங்க."

"எல்லாரும்" என்று ஆர்டிஸ் முணுமுணுத்தாள்.

காபி குடிக்க வீட்டுக்குள் போனோம். சமையலறை மேஜையில் நீள்சதுரக் கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றில் இன்னும் சூடு ஆறாத ஹாட்-டிஷ்: நூடுல்ஸ், கொத்துக்கறி, காளான் சூப், மேலே சீஸ். மணம் மூக்கைத் துளைத்தது. துப்பறியும் தொழிலை மறந்து நான் கரண்டியைத் தேடினேன்.

"மழை பெஞ்ச மறுநாள் வாசல்ல ஒண்ணு இருக்கும்" என்றாள் கொரின். "நல்ல ஜனங்க. யாருன்னுதான் தெரியல. திருப்பிக் குடுக்கணும்."

"லைல், இங்க ஹாட்-டிஷ் எதுக்குக் குடுப்பாங்க?"

"சாவு, ஆபரேஷன், கொட்டகை எரிஞ்சு போனா."

"மழைக்கு?"

"மழைக்குக் குடுத்தா ஜூன் மாசத்துல பாதி ஊரு வெடிச்சுச் செத்துரும் பாஸ்."

ஆர்டிஸ் ஒரு காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு டேப் துண்டு அளவுக்குப் பசைத் தடம். எங்கள் ஊரில் ஒவ்வொரு பெண்ணும் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பாள், பாத்திரம் வீடு திரும்ப வேண்டுமே. இங்கே டேப்பைப் பிய்த்து எடுத்திருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான்.

ஸ்கோக்டாலில் ஒரு பெண் புருஷனை விட்டுக்கொடுப்பாள்; கண்ணாடிப் பாத்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"சர்ச் எப்ப முடியும்?" என்று எழுந்தாள் ஆர்டிஸ்.

ஆராதனை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி முட்டை போட்டுக் காய்ச்சிய காபி, எலுமிச்சை கேக். மேட்டுக் குடும்பங்கள் அத்தனையும் இருந்தன. சுவரோரம் ஹால்வர் ப்ரெக்கி. கொரினின் பாத்திகளுக்கு நேர் எதிர்ச் சரிவு அவருடையது. குறுக்கே பட்டை பட்டையாகப் பயிர் வைத்து மண்ணைக் காப்பாற்றியதற்காக மாவட்டப் பரிசு வாங்கியவர். பரிசு வாங்கிய அன்று வெட்கத்தில் காரைவிட்டு இறங்கவே இல்லை என்பார்கள். பக்கத்தில் அவர் மனைவி போர்கில்ட்.

கொரினை வாசல் கதவருகே நிறுத்திவிட்டு ஆர்டிஸ் நடுவில் போய் நின்றாள்.

"கொரினுக்கு யாரோ உதவி பண்ணிக்கிட்டிருக்கீங்களாமே. யாரு?"

அத்தனை கண்ணும் காபிக்குள் விழுந்தன.

"யாராவது பண்ணியிருக்கலாம்" என்றார் ஒருவர்.

"பெருசா ஒண்ணும் இருக்காது" என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். தலைகீழாக நின்றாலும் மேலே ஒரு வார்த்தை வராது. இவர்களை எனக்குத் தெரியும், நானும் இவர்களில் ஒருவன்தான். பாங்கில் கொள்ளையடித்திருந்தால் இந்நேரம் அழுது ஒப்புக்கொண்டிருப்பார்கள். நல்லது செய்ததை ஒப்புக்கொள்வது தற்பெருமை. அந்தப் பாவத்தைச் செய்ய ஒருவரும் தயாராக இல்லை.

"பாஸ், போயிரலாம்" என்றேன் காதோரம். "எலும்பை ஒடிச்சாலும் சொல்லமாட்டாங்க. கேக்கை மட்டும் பொட்டலம் கட்டிக்குவோம்."

ஆர்டிஸ் என்னைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"விடு லைல். யாரோ வேலை தெரியாதவங்க. தொட்டியைக் கழுவின லட்சணத்தைப் பாத்தியே? மூலையில சேறு அப்படியே கெட்டி தட்டி..."

"எந்த மூலையில?" போர்கில்டின் கோப்பை தட்டில் மோதியது. "எந்த மூலையிலங்கறேன்? ரெண்டு தடவை தேய்ச்சேன்! பழைய பல் பிரஷ் வச்சுத் தேய்ச்சேன்!"

போர்கில்ட் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆர்டிஸ் விடவில்லை. "மேல கொட்டின மண்ணும் அப்படித்தான். நிரவத் தெரியாம மேடும் பள்ளமுமா..."

ஹால்வரின் காது சிவந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முடியவில்லை.

"மேடு பள்ளம் இல்ல" என்றார். "மட்டப்பலகை வச்சுப் பாத்தேன்."

பின்னாலிருந்து ஓர் அம்மாள் பதறினாள். "நூடுல்ஸ் வேகலைன்னு மட்டும் சொல்லிறாதீங்க!"

சிரிப்பை அடக்க நான் கேக்கை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார்கள். கொரின் வந்தபோதே பார்த்தார்களாம். தனிப் பெண். ஒரு பாத்தியில் விதையே முளைக்கவில்லை, அதையும் தப்புத் தப்பாக உழுகிறாள். சொல்லிக்கொடுத்தால் மனம் நோகும். கேட்டால் மரியாதை இல்லை. அவள் வீட்டு முன்னால் இருந்த பல்கலைக்கழகப் பலகையை முதல் குளிர்காலத்திலேயே பனி தள்ளும் வண்டி சாய்த்துவிட்டது. அதை யாரும் படித்திருக்கவில்லை.

"ரெண்டு வருஷம் பொறுத்தோம்" என்றார் ஹால்வர், தரையைப் பார்த்து. "அதுக்கு மேல மனசு கேக்கல. பாவம், தொட்டி வச்சு மண்ணைப் பிடிக்கத் தெரிஞ்சிருக்கு. மேல தூக்கிட்டுப் போகத்தான் தெம்பு இல்லன்னு நினைச்சோம். அவ வண்டி அந்தப் பக்கம் போனதும் ஒரு நடை போயிருவோம்."

"புல்லுப் பாத்தித் தொட்டியில சேறு?" என்று நான் கேட்டேன்.

"அதுல நல்ல தண்ணி நின்னுது" என்றாள் போர்கில்ட். "பூட்ஸைக் கழுவிக்கிட்டோம். சேத்துக் காலோட சர்ச்சுக்கு வர முடியுமா?"

கதவருகிலிருந்து கொரின் முன்னே வந்தாள். கண் கலங்கியிருந்தது; கோபமா நன்றியா என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு விவசாயம் தெரியாதுன்னா நினைச்சீங்க? அந்தப் பாத்தியை நான் வேணும்னேதான் அப்படி வச்சிருக்கேன்! மண்ணு போகணும்! எவ்வளவு போகுதுன்னு பாக்கத்தான் வந்தேன்!"

வழக்கு முடிந்தது என்று நினைத்து நான் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினேன். அங்கேதான் எல்லாம் தலைகீழானது.

"வேணும்னேவா?" என்றார் ஹால்வர்.

அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொரினுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மெதுவாக நகர்ந்தார்கள். அதுவரை அவள் பாவப்பட்ட பெண். அந்த நொடியிலிருந்து குற்றவாளி.

"ஆர்டிஸ்" என்றாள் நூடுல்ஸ் அம்மாள், தாழ்ந்த குரலில். "இதை நீங்க விசாரிக்க வேண்டாமா?"

கொரின் ஹால்வருக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "உங்க வயல்ல குறுக்கே பட்டை பட்டையா வச்சிருக்கீங்க. அது இவ்வளவு மண்ணைக் காப்பாத்தும்னு யாரோ உங்களுக்குச் சொல்லித்தானே ஆரம்பிச்சீங்க?"

"ஆமா. எங்கப்பா காலத்துல ஆபீசர் வந்து சொன்னார்."

"அவருக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ ஒருத்தர் ஒரு பாத்தியை வெறுமனே விட்டுட்டு, அது கரைஞ்சு போறதைப் பாத்துக்கிட்டே நின்னிருக்கார். தொடாம. அதை வச்சுத்தான் உங்க வயலைக் கணக்குப் போட்டாங்க."

போர்கில்ட் ஹால்வரின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இருவரும் வெளியே போனார்கள்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் ப்ரெண்டிஸ் வந்தார். ஒல்லியான மனிதர், உலகமே தனக்குத் தப்புக் கணக்குக் காட்டுகிறது என்ற முகம். மேட்டுக்காரர்கள் மொத்தமாக வந்து சாலையோரம் நின்றிருந்தார்கள். ஆர்டிஸ் நடந்ததைச் சொன்னாள்.

"அப்படியா?" ப்ரெண்டிஸ் ஹால்வரிடம் திரும்பினார். "இந்த மண்ணையெல்லாம் நீங்கதான் மேல தூக்கிட்டுப் போனீங்களா?"

ஹால்வர் நெளிந்தார். "சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

"ஆமாவா, இல்லையா?"

"கொஞ்சம் தூக்கியிருக்கலாம்."

நேற்று உண்மையைக் கக்க வைத்தோம். இன்று பட்டணத்து மனிதர் முன்னால் அந்த உண்மை மறுபடி ஓட்டுக்குள் போய்விட்டது. கொரின் வெளுத்துப்போய் நின்றாள். ப்ரெண்டிஸ் பேனாவைத் திறந்தார்.

அப்போது மேற்கே இடி உருண்டது. ப்ரெண்டிஸ் வானத்தைப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. மூணு தொட்டியும் முதல்ல காலியாகட்டும், நான் இங்கயே நிக்கறேன். வாய்ப்பாடு வருஷக் கணக்குக்குத்தான், ஒரு மழையை வச்சு எடை சொல்ல முடியாது. ஆனா வரிசை சரியா வரணும். வெறும் பாத்தி அதிகம், சோளம் அடுத்தது, புல்லு கம்மி. வந்தா அறிக்கையில கையெழுத்துப் போடறேன். வரலேன்னா அவ பொய்க்காரி."

கொரின் சாலைப் பக்கம் திரும்பினாள். "தயவுசெஞ்சு" என்றாள். "யாரும் எதையும் தொடாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

சொல்லிவிட்டாள். அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கக்கூடாத ஒன்று அது. ஆர்டிஸ் உடனே வேலையில் இறங்கினாள். ஒவ்வொருவரிடமும் ஒரு காபிக் கோப்பையைத் திணித்து, இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். என்னை அனுப்பி எல்லாருடைய வண்டியிலிருந்தும் மண்வெட்டிகளைப் பறிமுதல் செய்யச் சொன்னாள். எங்கள் கார் டிக்கி மூட முடியாமல் நிறைந்தது. நூடுல்ஸ் அம்மாளின் கைப்பையிலிருந்து ஒரு தோட்டக் கரண்டியும் அகப்பட்டது.

மழை வந்தது. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது.

புல்லுப் பாத்தி அசையாமல் குடித்தது. சோளத்தின் காலடியில் மெல்லிய பழுப்பு ஓடியது. வெறும் பாத்தியில் முதலில் விரல் அகலத்தில் ஓர் ஓடை, பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து கை அகலம். ஹால்வர் சுமந்து கொண்டுபோய் நிரவி வைத்த மண் அத்தனையும் அவர் கண் முன்னால் கரைந்து இறங்கியது. அவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு ஓர் அடி முன்னே எடுத்து வைத்தார். போர்கில்ட் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் நின்றார். இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். அந்த மனிதர் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மழை விட்டதும் ப்ரெண்டிஸ் தொட்டி தொட்டியாகப் போய்க் குச்சியை விட்டுக் கலக்கினார். வெறும் பாத்தித் தொட்டியில் குச்சி சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது. சோளத் தொட்டியில் அடியில் ஒரு படிவு. புல்லுத் தொட்டியில் அடித்தகடு பளிச்சென்று தெரிந்தது. அறிக்கையைக் காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, கொரினிடம் நீட்டினார். "மன்னிக்கணும்" என்றார், எவரும் எதிர்பார்க்காதபடி.

கொரின் அதை வாங்கியபடியே ஹால்வரிடம் நடந்தாள். தெப்பமாக நனைந்த அவர் அந்தப் பாத்தியைப் பார்க்காமல் தன் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேங்க்ஸ்" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார். இந்தத் தடவை அது முழு உண்மை. "இன்னும் எத்தனை நாள் இப்படி?"

"ரெண்டு வருஷம்."

அவர் தொப்பியைப் பிழிந்து மாட்டிக்கொண்டார்.

"சரி" என்றார். "சர்ச்சுக்கு நாங்க கீழ்ரோடு வழியா சுத்திப் போயிக்கறோம். இந்தப் பக்கம் வந்தா கை சும்மா இருக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்து ஓய்ந்தபோது சர்ச்சில் பாதிரியாரைத் தவிர ஒருவரும் இல்லை. வெகு நேரம் கழித்துப் பள்ளத்தாக்கின் கீழ்ரோடு வழியாகச் சுற்றி, ஒன்றன் பின் ஒன்றாக, மேட்டுக் குடும்பங்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. யாரும் காரணம் சொல்லவில்லை. பாதிரியாரும் கேட்கவில்லை, அடுத்த வாரத்திலிருந்து ஆராதனை நேரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.